கிறிஸ்து என்பது குடும்பப் பெயரா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரான்சிலிருந்து என் பேரன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். வயது ஒன்பது. அங்கே வாரம் ஒரு நாள் ஞானோபதேச வகுப்புக்குப் போகிறான். தமிழும் பிரெஞ்சும் கலந்துதான் பேசுவான். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "தாத்தா, இயேசுவோட பிரேநோம் ழெசுயு, நோம் கிறிஸ்த். சரிதானே?" என்று கேட்டான்.

பிரெஞ்சு தெரியாத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதலில் இரண்டு கட்டம் இருக்கும். 'நோம்' என்பது குடும்பப் பெயர். 'பிரேநோம்' என்பது நமக்கென்று வைத்த பெயர். பள்ளிக்கூடப் படிவம், நூலக அட்டை என்று எல்லாவற்றிலும் இந்த இரண்டு கட்டங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளை, ஆண்டவரையும் அதற்குள் உட்கார வைத்துவிட்டான். "அப்போ மாதா பேரு மதாம் கிறிஸ்த்தா?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி.

பின்னாலிருந்து மருமகள் சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்புதான். ஆனால் அவன் வயதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. போதாக்குறைக்கு, நான் உத்தியோகம் பார்த்ததில் பெரும்பகுதி பிறப்பு இறப்புப் பதிவு, அதாவது எங்கள் ஊரில் 'எத்தா சிவில்' என்று சொல்லும் பிரிவில். பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று பிரித்து எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. "அடுத்த வாரம் சொல்றேன்டா கண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவனுக்குச் சொல்ல யோசித்தது இந்தக் கட்டுரையாக வளர்ந்துவிட்டது. அவனிடம் சொல்ல முடியாத ஒன்றும் இதில் சேர்ந்துவிட்டது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியபோது எனக்கு ஒன்பது வயது. கொடி மாறினாலும் எங்கள் வகுப்பில் மொழி மாறவில்லை. வீட்டில் தமிழ்ச் செபம், பள்ளியில் பிரெஞ்சு, கோயிலில் லத்தீன் பூசை. பிரெஞ்சில் ஆண்டவர் பெயரை எழுதும்போது ழெசுயு என்பதற்கும் கிறிஸ்த் என்பதற்கும் நடுவில் ஒரு சிறு கோடு போடுவோம். வாசிக்கும்போது கடைசி எழுத்துகளை விழுங்கி 'ழெசுயு-க்ரி' என்போம். தனியாக வந்தால்தான் 'கிறிஸ்த்' என்று முழுதாக உச்சரிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் ழான்-பியேர், ழான்-போல் என்று கோடு போட்ட பெயருள்ள பையன்கள் இருந்தார்கள். ஆகவே இதுவும் அப்படியொரு இரட்டைப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் 'திக்தே', அதாவது சொல்வதெழுதுதல். தாவீது அரசரைப் பற்றிய பாடம். ஆசிரியர் 'லுவேன் துயு செஞேர்' என்று உச்சரித்தார். பிரெஞ்சில் 'லுவேன்' என்றால் தூரம். நானும் 'ஆண்டவருக்குத் தூரமாக' என்று பொருள்படும்படி எழுதி வைத்தேன். உண்மையில் அவர் சொன்னது வேறு. 'உவேன்' என்றால் எண்ணெய் பூசப்பட்டவர். முன்னால் ஒரு 'ல்' சேர்ந்ததும் இரண்டும் ஒரே ஓசையாகிவிடுகிறது. எனக்குக் காதில் ஒரு திருகும் பூஜ்யமும் கிடைத்தன. அந்த ஆசிரியர் பெயர் இங்கே வேண்டாம். விளக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அம்மா என் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னேன். அம்மாவுக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். "எண்ணெய் பூசினவருன்னு சாமிக்குப் பேராம்மா?" என்று கேட்டேன். அம்மா உச்சந்தலையில் இன்னொரு கை எண்ணெய் வைத்துத் தேய்த்தபடியே, "ஏன், சாமிக்கும் அவங்க அம்மாதான் எண்ணெய் வச்சிருப்பாங்க. ஆடாம உக்காரு" என்றார். எனக்குக் கிடைத்த முதல் விளக்கம் அதுதான்.

பேரனின் கேள்விக்கு நேரான பதில் சுலபமானது. கிறிஸ்து என்பது பெயரே அல்ல. அது ஒரு பட்டம். எபிரேயத்தில் 'மஷியாக்', எண்ணெய் பூசப்பட்டவர் என்று அர்த்தம். அதிலிருந்துதான் மெசியா, மேசியா என்ற சொற்கள் வந்தன. கிரேக்கர்கள் அதையே தங்கள் மொழியில் 'கிறிஸ்தோஸ்' என்றார்கள். அதிலிருந்து லத்தீன், அங்கிருந்து மற்ற மொழிகள். நம் பழைய புத்தகங்களில் 'அபிஷேகம் செய்யப்பட்டவர்' என்று இருக்கும். இப்போது அருள்பொழிவு, திருப்பொழிவு என்கிறார்கள். நல்ல தமிழ்தான். ஆனால் எனக்கென்னவோ, அருள் வந்ததும் எண்ணெய் காணாமல் போய்விட்டது போல ஒரு குறை.

எங்கள் அலுவலகக் கணக்கில் சொன்னால், 'இயேசு' என்பது பெயர்க் கட்டத்துக்கு உரியது. 'கிறிஸ்து' என்பது தொழில் அல்லது பதவி என்ற கட்டத்தில் எழுத வேண்டியது. சின்னப்பர் தம் கடிதங்களில் இயேசு கிறிஸ்து என்றும் எழுதுகிறார், கிறிஸ்து இயேசு என்றும் மாற்றி எழுதுகிறார். கலெக்டர் இன்னார் என்றும் இன்னார் கலெக்டர் என்றும் நாம் சொல்வதில்லையா, அது போல.

பட்டம் பெயராவது நம் ஊருக்குப் புதிதல்ல. எட்டயபுரத்தில் பதினோரு வயதுச் சுப்பிரமணியனுக்கு 'பாரதி' என்று பட்டம் கொடுத்தார்கள். 1908 முதல் 1918 வரை அவர் எங்கள் புதுச்சேரியில் இருந்தார். இன்று பாரதி என்றால் அவர்தான். அது சரஸ்வதியைக் குறிக்கும் பட்டம் என்று எத்தனை பேர் நினைக்கிறார்கள்? எங்கள் ஊர்க் கனகசுப்புரத்தினம் அந்தப் பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்துப் பாரதிதாசன் ஆனார். அந்தியோக்கியா நகரில்தான் இயேசுவின் சீடர்களுக்குக் 'கிறிஸ்தவர்' என்ற பெயர் முதன்முதலில் வந்தது என்று அப்போஸ்தலர் பணி நூல் சொல்கிறது. ஒருவருடைய பட்டம் இன்னொருவருக்குப் பெயராக ஒட்டிக்கொள்வது என்பது இதுதான்.

சரி, எண்ணெய்க்கும் பதவிக்கும் என்ன சம்பந்தம்? பழைய இஸ்ராயேலில் குருவுக்கும் அரசனுக்கும் பதவி கொடுக்கும்போது தலையில் ஒலிவ எண்ணெய் ஊற்றுவார்கள். ஈசாய் என்பவருடைய வீட்டுக்குச் சாமுவேல் தீர்க்கதரிசி கொம்பில் எண்ணெய் எடுத்துக்கொண்டு போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏழு பிள்ளைகளையும் நிறுத்திப் பார்த்தார்கள், ஒருவனும் தேறவில்லை. காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பையன் தாவீதைக் கூட்டிவரச் சொல்லி அவன் தலையில் ஊற்றினார். அதன்பின் சவுல் அரசன் தாவீதைக் கொல்லத் துரத்தினான். தாவீதுக்குச் சவுலைக் கொல்ல இரண்டு முறை வாய்ப்பு வந்தது. எண்ணெய் பூசப்பட்டவர் மேல் கை வைக்க மாட்டேன் என்று விட்டுவிட்டான். அந்த எண்ணெய்க்கு அவ்வளவு மரியாதை.

இன்னொன்றைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். எசாயா புத்தகத்தில் பாரசீக அரசர் சைரஸுக்கும் இதே பட்டம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் யூதர் அல்ல. அந்தக் கடவுளை அறிந்தவரும் அல்ல. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த மக்களை ஊருக்குத் திரும்ப விட்டார். ஒரு வேலைக்காகக் கடவுள் தேர்ந்துகொண்டவர் என்பதுதான் அந்தச் சொல்லின் அடிப்படை.

பள்ளியில் பிரெஞ்சு அரசர்களின் வரலாறு படித்தபோதும் இந்த எண்ணெய் வந்தது. ரேம்ஸ் நகரக் கதீட்ரலில் அரசனுக்கு எண்ணெய் பூசித்தான் முடிசூட்டுவார்கள். அந்த எண்ணெய் இருந்த சிறு குப்பியைப் புரட்சிக்காரர்கள் 1793-இல் பொதுவிடத்தில் உடைத்தார்கள். அதே ஆண்டு சனவரியில்தான் எண்ணெய் பூசப்பட்ட தலை ஒன்று கில்லட்டினில் விழுந்தது. பரீட்சைக்காகப் படித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

இயேசுவின் காலத்தில் நாடு ரோமர் கையில். மக்கள் காத்திருந்தது தாவீதைப் போல ஓர் அரசனுக்காக. அதனால்தான் இந்தப் பட்டத்தை அவர் எளிதில் ஏற்கவில்லை போலும். பிலிப்புச் செசரியாவில், "நான் யார் என்று நீங்கள் சொல்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு இராயப்பர், நீர் மெசியா என்றார். சரியான விடை. ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டளை வந்தது. உடனே தாம் பாடுபட்டுச் சாக வேண்டியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இராயப்பர் தடுத்ததும் கடுமையான திட்டு. பட்டத்தைச் சரியாகச் சொன்னவருக்கே அதன் அர்த்தம் தெரியவில்லை. ஆனால் சமாரியாவில் கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணிடம், யூதர்கள் ஒட்டாமல் ஒதுக்கி வைத்த இனத்துப் பெண்ணிடம், அந்த மெசியா நான்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். தூரத்தில் இருந்தவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. என் பழைய திக்தேப் பிழை அவ்வளவு பெரிய பிழையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

சரி, அவருக்கு யார் எண்ணெய் பூசினார்கள்? எந்தத் தீர்க்கதரிசியும் கொம்போடு வரவில்லை. தலைமைக்குருக்கள் எவரும் பூசவில்லை. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில், ஆவியானவரே தம்மைப் பூசி அனுப்பியதாகப் பொருள்படும் எசாயாவின் பகுதியை வாசித்து, அது இன்று நிறைவேறியது என்றார். ஊர்க்காரர்களோ அவரை மலையிலிருந்து தள்ளப் பார்த்தார்கள். கையால் தொட்டுப் பார்க்கிற எண்ணெய் அவர் தலையில் விழுந்தது ஒரே இடத்தில்தான் என்று மாற்குவையும் மத்தேயுவையும் வாசிக்கும்போது தெரிகிறது. பாடுபடுவதற்குச் சில நாள் முன்பு பெத்தானியாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தைக் கொண்டுவந்து, சிமிழை உடைத்து அவர் தலையில் ஊற்றினாள். அந்த இருவரும் அவள் பெயரைக்கூட எழுதவில்லை. முந்நூறு தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று அங்கிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். கிட்டத்தட்ட ஒரு வருட உழைப்பு. இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. என் அடக்கத்துக்காக முன்கூட்டியே பூசினாள் என்றார்.

அரசனுக்குத் தலையில் ஊற்றும் எண்ணெயும் பிணத்துக்குப் பூசும் எண்ணெயும் அங்கே ஒன்றாகிவிட்டன. இராயப்பருக்குப் புரியாதது அந்தப் பெண்ணின் கைக்குத் தெரிந்திருந்தது.

சிலுவையின் மேல் பிலாத்து மாட்டிய பலகையைப் பற்றி ஒரு குமாஸ்தாவாகச் சொல்ல வேண்டும். எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழி. பெயர் இயேசு, ஊர் நாசரேத்து, குற்றம், யூதர்களின் அரசன். சுத்தமான அரசாங்க நடை. தலைமைக்குருக்கள் வந்து, அரசன் என்று அவனாகச் சொல்லிக்கொண்டான் என்று திருத்தி எழுதக் கேட்டார்கள். பிலாத்து மறுத்துவிட்டான். எங்கள் பதிவேட்டிலும் எழுதியதை அடிக்க முடியாது. கோர்ட்டுத் தீர்ப்பு வந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம், அவ்வளவுதான். ஏளனமாக எழுதியதே உண்மைப் பதிவாக நின்றுவிட்டது.

இனி, பேரனிடம் சொல்ல முடியாத விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் படித்த ஞானோபதேசத்தில் ஏழு தேவதிரவிய அனுமானங்களில் இரண்டின் பெயரிலேயே பூசுதல் இருக்கும். உறுதிபூசுதல், அவஸ்தைப்பூசுதல். இரண்டாவதைக் கேட்டாலே பயம். சாகக் கிடப்பவர் வீட்டுக்குச் சாமியார் போகும்போது முன்னால் பூசைப் பையன் மணி அடித்துக்கொண்டு போவான். தெருவில் இருப்பவர்கள் முழங்காலிடுவார்கள். அந்த மணி எந்த வீட்டுக்குள் போகிறதோ அங்கே மறுநாள் சாவு என்பது எங்கள் தெருவின் கணக்கு. கண், காது, மூக்கு, உதடு, கை, கால் என்று பூசுவார்கள். 1972-இல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் இந்தச் சடங்கைத் திருத்தினார். நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும். சாகும் நேரத்துக்கு என்றில்லை, கடும் நோயில் இருக்கும் எவருக்கும் கொடுக்கலாம். பெயரும் நோயில்பூசுதல் என்று ஆனது. அது காகிதத்தில். எங்கள் மனதில் அது அவஸ்தையாகவே இருந்தது.

1983 நவம்பரில் அம்மா படுத்துவிட்டார். எழுபது வயது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் ராத்திரி அக்கா என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "தம்பி, சாமியாரைக் கூட்டியாந்துடலாமாடா?" என்றார். வெளியே நல்ல மழை. "இப்பப் போய் சாமியார் வந்து நின்னா அம்மா பயந்துடுவாங்கக்கா. காலையில பாக்கலாம்" என்றேன். அம்மா பயப்படுவார் என்பது பாதி உண்மை. மீதி, நான் பயந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா போய்விட்டார்.

பங்குச்சாமியார் ஆறு மணிக்கு வந்தார். இறந்தவருக்குப் பூசுவதில்லை. செபம் மட்டும் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சில வருடம் கழித்து ஒரு தேதியைச் சரிபார்க்கக் கோயிலில் அடக்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மாவின் வரியில், பெற்ற அனுமானங்கள் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான கட்டங்களில் அப்படிக் கோடு போட்டவன் நான். கோடு என்றால் இல்லை என்று அர்த்தம். அந்தக் கோட்டை நான்தான் போட்டேன் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடம், பெரிய வாரத்தில் எங்கள் சம்பா கோயிலில் ஆயர் தைலம் மந்திரிக்கும் பூசைக்குப் போனேன். மூன்று பாத்திரங்களில் எண்ணெய். நோயாளிகளுக்கு ஒன்று, ஞானஸ்நானம் பெற இருப்பவர்களுக்கு ஒன்று, மூன்றாவது கிறிஸ்மா. கிறிஸ்மாவில் மட்டும் நறுமணப் பிசின் கலந்து, ஆயர் அதன் மேல் ஊதி மந்திரிப்பார். பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'க்ரேம்'. கேக்கில் வைக்கிற க்ரேமுக்கும் அதே ஓசை. சிறுவயதில் நாங்கள் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்றுதான் கவனித்தேன். கிறிஸ்மா, கிறிஸ்து இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்தத் தைலத்தைத்தான் ஞானஸ்நானத்தில் குழந்தையின் உச்சந்தலையில் பூசுகிறார்கள். குரு, தீர்க்கதரிசி, அரசன் என்று பழைய ஏற்பாட்டில் யார் யாருக்கோ கொடுத்த பங்கை, கைக்குழந்தைக்கும் கொடுக்கிறார்கள்.

அம்மாவுக்கும் பூசியிருப்பார்கள். பிறந்த சில நாளிலேயே. அடக்கப் பதிவேட்டில் கோடு இருந்தால் என்ன, ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அதை எந்த மழையும் எந்தப் பிள்ளையின் பயமும் அழிக்க முடியாது.

இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. அன்று காலை பெட்டியில் வைக்கும் முன், அக்கா அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, வாரி, கொண்டை போட்டார். கல்லறைக்கு வாசனைத் திரவியங்களோடு போன பெண்களும் நேரம் கழித்துத்தானே போனார்கள். அவர்கள் கொண்டுபோன தைலம் எதற்கும் பயன்படவில்லை. ஆனால் உயிர்த்த செய்தியை முதலில் கேட்டவர்கள் அவர்கள்தான். அக்கா வைத்த எண்ணெய் அனுமானம் ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மா எண்ணெய் வைக்காத தலையோடு போகவில்லை.

இதற்காக என் தவறு சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கிடைத்தது. வருத்தம் மட்டும் இருக்கிறது. இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு பேரன் கூப்பிட்டான். அது குடும்பப் பெயர் இல்லை, வேலையின் பெயர் என்று சொன்னேன். "என்ன வேலை?" என்றான். "எல்லாரையும் கரை சேர்க்கிற வேலை. அதுக்காகத் தலையில எண்ணெய் வச்சு அனுப்பினாங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "லீவுக்கு வந்தப்ப பாட்டி எனக்கு வச்சாங்களே, அந்த மாதிரியா?"

"அதுக்கு முன்னாடியே சாமியாரும் உனக்கு வச்சாரு. ஞானஸ்நானத்தப்ப. போட்டோ இருக்கு, அழுதுகிட்டிருப்ப."

"அப்போ நானும் கிறிஸ்த்தா?"

"அதனாலதான்டா உனக்குக் கிறிஸ்தவன்னு பேரு" என்றேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்பானோ என்று பயந்தேன். கேட்கவில்லை. கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டான்.

கடைசியாக, இதை வாசிக்கும் கிறிஸ்தவ அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் கடும் நோயில் இருந்தால், பயந்துவிடுவார்கள் என்று நினைத்துச் சாமியாரை அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்களையே கேளுங்கள். நம்மைவிட அவர்களுக்குத் தைரியம் அதிகம். அந்த எண்ணெய் சாவு ஓலை அல்ல. அவர்கள் பிறந்தபோது பெற்ற பெயரை இன்னொரு முறை சொல்லிக் கூப்பிடுவது, அவ்வளவுதான். மழை பெய்தால் குடை எடுத்துக்கொண்டு போங்கள்.